சிங்கப்பூரிலிருந்து தென் தாய்லாந்துக்குக் காரில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக் காரில் மலேசியாவைக் கடந்து தாய்லாந்து வரை போய் வருவது பற்றி நண்பர்களும் உறவினர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தாம். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சிங்கப்பூரில் பதிவான காரை மனத்தில் வைத்து எழுதியது இது. மலேசியப் பதிவுக் கார் வைத்திருப்பவர்கள் ஜோகூர் எல்லை பற்றிய பகுதியைத் தாண்டிப் போகலாம். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்புகிற வாரத்தில் அந்தந்த நாட்டு அரசாங்க இணையத்தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மொத்தம் எவ்வளவு தூரம்? எத்தனை நாள் லீவு போடணும்?

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர். அங்கிருந்து ஈப்போ இன்னொரு 200. ஈப்போவிலிருந்து பினாங்குக்கு இரண்டு மணி நேரம் போல ஆகும். தாய்லாந்தின் ஹாட்யாய் நகரம் சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய 900 கிலோமீட்டர். புக்கெட் வரை போனால் ஒரு வழிக்கே 1,300 கிலோமீட்டரைத் தாண்டும்.

ஹாட்யாய் வரை போய் வர எட்டு நாள் வையுங்கள். கிராபி, புக்கெட் என்றால் பன்னிரண்டு நாள். விடியற்காலை கிளம்பி ஒரே மூச்சில் இரவுக்குள் ஹாட்யாய் போய்ச் சேருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது முடியாத காரியம் இல்லை. ஆனால் இந்தப் பயணத்தின் மிக அழகான பகுதி பேராவும் கெடாவும். அந்த இரண்டு மாநிலங்களையும் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நம்ம லைசென்ஸ் போதுமா? இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுக்கணுமா?

சிங்கப்பூர், மலேசிய உரிமங்கள் போதும். ஆசியான் நாடுகள் ஒன்றின் ஓட்டுநர் உரிமத்தை மற்றொன்று ஏற்பதற்கு 1985லேயே ஒப்பந்தம் செய்திருக்கின்றன. கையில் இருப்பது இந்திய உரிமம் மட்டும்தான் என்றால் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்து வர வேண்டும். மூன்று நாடுகளிலும் இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் அந்த விஷயத்தில் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

ஜோகூர் எல்லையில காருக்கு என்னென்ன வேணும்?

முதலில் வி.இ.பி. எனப்படும் வாகன நுழைவு அனுமதி. இணையத்தில் பதிவு செய்து, அவர்கள் தரும் ஆர்.எஃப்.ஐ.டி. பட்டையைக் காரில் ஒட்டி, அதைச் செயல்படுத்தியிருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இது இல்லாத சிங்கப்பூர் வாகனங்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். உடனே கைக்கு வந்துவிடும் என்று எண்ணாமல் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் தனி.

அடுத்தது டச் அண்ட் கோ அட்டை. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். அட்டையில் பணம் தீர்ந்துவிட்டால் பின்னால் வரிசை கட்டி நிற்கும் அத்தனை கார்களையும் காக்க வைக்க வேண்டியதாகிவிடும். கைப்பேசியிலேயே பணம் நிரப்பக்கூடிய புதிய வகை அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். வி.இ.பி. பட்டை இருக்கிறதே, டோலுக்கு அட்டை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பட்டை இருந்தாலும் அட்டையும் வேண்டும்.

முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்களா?

ஆமாம், அனுப்புவார்கள். சிங்கப்பூரில் பதிவான கார் தரைவழியாக வெளியேறும்போது பெட்ரோல் முள் முக்காலுக்குக் கீழே இருக்கக் கூடாது. மீறினால் 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. முள்ளை முறைகேடாக மாற்றி வைப்பது இதைவிடப் பெரிய குற்றம்.

மலேசியாவுக்குள் நிரப்பும்போது ரான் 97 மட்டும். மஞ்சள் கைப்பிடியில் வருகிற ரான் 95 மலேசியர்களுக்கான மானிய விலைப் பெட்ரோல், வெளிநாட்டுப் பதிவு வாகனத்துக்கு நிரப்ப அனுமதி இல்லை. பணியாளர் யாரும் பார்க்கவில்லை என்று சொல்லி நிரப்பாதீர்கள். அது அந்த நாட்டு மக்களின் வரிப்பணம்.

உட்லண்ட்ஸா, துவாஸா? எப்ப கிளம்பினா ஜாம்ல மாட்டாம போகலாம்?

1924இல் திறந்த உட்லண்ட்ஸ் கடற்பாலம் ஊருக்குப் பக்கம். 1998இல் திறந்த துவாஸ் இரண்டாம் பாலம் சற்றுத் தள்ளி இருக்கிறது. வடக்கே போகிறவர்களுக்கு என் பரிந்துரை துவாஸ்தான். ஜோகூர் பாரு நகர நெரிசலில் சிக்காமல் நேரே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம்.

வெள்ளிக்கிழமை மாலை, சனிக்கிழமை காலை, பள்ளி விடுமுறையின் முதல் நாள், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள்கள் எல்லாவற்றையும் தவிருங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாலையில் கிளம்பினால் அதே சாலை வேறு சாலை போல இருக்கும். சிங்கப்பூர்ப் பக்கம் காரில் இருப்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கியூஆர் குறியீட்டைக் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டால் கடப்பிதழை எடுத்து நீட்டும் வேலை மிச்சம்.

பாஸ்போர்ட் இருந்தா போதும்தானே? வேற ஏதாவது ஃபார்ம் இருக்கா?

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியாவின் மின்னியல் வருகை அட்டை தேவையில்லை. இங்கே வேலை அனுமதியில் இருக்கும் இந்தியக் கடப்பிதழ்காரர்களுக்குத் தேவை. மலேசியாவுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

தாய்லாந்துக்கும் 2025 மே 1 முதல் இதே மாதிரி மின்னியல் வருகை அட்டை வந்துவிட்டது. தாய்லாந்துக் குடிமக்கள் தவிர எல்லாரும் நிரப்ப வேண்டும், இதுவும் வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள். இரண்டு அட்டைகளுமே இலவசம். கட்டணம் கேட்கிற தளத்துக்குள் போய்விட்டீர்கள் என்றால் அது அரசாங்கத் தளம் இல்லை, வெளியே வந்துவிடுங்கள். விசா தேவையா என்பது கடப்பிதழைப் பொறுத்தது. இந்தியக் குடிமக்களுக்கான சலுகைகள் தவணை தவணையாக நீட்டிக்கப்படுபவை, அன்றைய நிலவரத்தைப் பாருங்கள்.

கோலாலம்பூர் தாண்டி வழியில எங்கெல்லாம் நிறுத்தலாம்? எல்லாம் பத்துமலையோட முடிஞ்சுடுதே!

பத்துமலைக்கு எல்லாரும் போயிருப்பீர்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன். முதல் நாள் இரவு ஈப்போவில் தங்குங்கள். நகரத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலைகள் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. கெக் லோக் தோங் குகைக் கோயிலுக்குள் ஒரு பக்கம் நுழைந்து குளிர்ந்த பெரிய மண்டபம் போன்ற குகையைக் கடந்து மறுபக்கம் வெளியே வந்தால், மலைகள் சூழ்ந்த தோட்டமும் குளமும் இருக்கும். காலை எட்டு மணிக்குப் போனால் நடைப்பயிற்சிக்கு வந்த உள்ளூர்ப் பெரியவர்கள் மட்டுமே இருப்பார்கள். குனோங் சேரோவில் மலையடிவாரக் குகையில் இருக்கும் கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலையும் பார்த்துவிடுங்கள். ஈப்போவின் தைப்பூசம் அங்கேதான் நடக்கிறது.

ஈப்போவிலிருந்து அரை மணி நேரத்தில் பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926இல் அவர் இறந்துபோக, கட்டடம் பாதியில் நின்றது. சென்னையிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் வேலை செய்த இடம். நோயில் பலர் மாண்டபோது மாரியம்மன் கோயில் ஒன்று வேண்டும் என்று அவர்கள் கேட்க, கட்டிக் கொடுத்தாராம். பக்கத்திலேயே இருக்கும் அந்தக் கோயிலின் கூரையில் தெய்வ உருவங்களோடு வெள்ளைக்காரர் சிலை ஒன்றும் நிற்கிறது, அது அவர்தான் என்கிறார்கள். மாளிகையைப் பார்க்கிற பலர் கோயிலுக்குப் போகாமலே திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தொழிலாளர்களின் நினைவாக மிஞ்சியிருப்பது கோயில்தான், தயவுசெய்து அங்கேயும் போங்கள்.

அப்புறம் தைப்பிங். பழைய ஈயச் சுரங்கக் குழிகளில் தண்ணீர் நிறைந்து உண்டான ஏரிகளைச் சுற்றி 1880இல் அமைந்த பூங்கா அங்கே இருக்கிறது. கரையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளைகளை ஏரி வரை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. தீபகற்ப மலேசியாவில் மழை மிக அதிகம் பெய்யும் ஊர்களில் அது ஒன்று. பிற்பகலில் மழை வரும் என்று வைத்துக்கொண்டு காலையிலேயே நடந்துவிடுங்கள்.

கேமரன் மலைக்கும் ஏறிட்டுப் போலாமா?

ஏறலாம், ஆனால் வார இறுதியில் வேண்டாம். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் மூன்றையும் இணைப்பது ஒரே சாலை. சனிக்கிழமை அதில் கார்கள் நகராது. தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலை வளைந்து வளைந்து போகும், வயிற்றைப் புரட்டும். சிம்பாங் பூலாயிலிருந்து ஏறும் சாலை அகலமானது. பின் இருக்கையில் குழந்தைகள் இருந்தால் சிம்பாங் பூலாய் வழியாகவே ஏறி இறங்குங்கள்.

1929இல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம் காலை வெயிலில் பார்க்க வேண்டிய இடம். அங்கே போகும் சாலை குறுகல். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கத்தான் வேண்டும்.

கெடாவில என்ன இருக்கு? அங்க எல்லாம் வெறும் நெல் வயல்தானே?

அந்த நெல் வயலே நிறுத்திப் பார்க்க வேண்டியதுதான். மலேசியாவின் நெற்களஞ்சியம் என்று கெடாவைச் சொல்வார்கள். அலோர் ஸ்டார் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் கிராமச் சாலையில் பத்து நிமிடம் ஓட்டினால், அடிவானம் வரை வயலும் தூரத்தில் 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையும் தெரியும்.

அந்த மலையின் அடிவாரத்தில், சுங்கை பட்டாணியிலிருந்து சிறிது தூரத்தில் மெர்போக் என்ற இடத்தில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் கடற்படை 1025 வாக்கில் வென்ற கடாரம் இந்தக் கெடாதான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. இங்கே கிடைத்த இந்து, பௌத்த வழிபாட்டுத் தலங்களின் அடித்தளங்களை மலைச்சரிவில் மறுபடி அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெரியது புக்கிட் பத்து பஹாட் சண்டி. சண்டி என்றால் பழங்காலக் கோயில். பக்கத்தில் ஓடை ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இருக்காது. கோபுரமும் சிலைகளும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். கல் மேடைகளும் தூண்கள் நின்ற தடங்களும்தான். தஞ்சாவூர்க் கல்வெட்டில் பேர் பெற்ற ஊரில் நிற்கிறோம் என்று தெரிந்து நின்றால் அதுவே போதும் எனக்கு. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பினாங்கைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?

பினாங்கு தனியாக ஒரு பயணத்துக்கு உரிய ஊர். வழியில் நுழைந்து ஓர் இரவு தங்கினால், பாதி நேரம் ஜார்ஜ் டவுனில் கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே போய்விடும். 1985இல் திறந்த பாலமோ, 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் நீள இரண்டாம் பாலமோ பார்க்க ஆசையாக இருந்தால் போய் வாருங்கள். நாள் குறைவாக இருந்தால் தீவுக்குள் போகாமல் எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் பக்கமாகவே நேரே வடக்கே போய்விடலாம்.

தாய்லாந்து எல்லையில காருக்கு என்ன பேப்பர் கேட்பாங்க?

நீங்கள் கடக்கப்போவது புக்கிட் காயு ஹீத்தாம், அதற்கு எதிர்ப்பக்கம் சடாவ். முதலில் மலேசியக் குடிநுழைவு. பிறகு தாய்லாந்துக் குடிநுழைவில் பயணிகள் இறங்கித் தனியே வரிசையில் நிற்க வேண்டும். வாகன விவரத்துக்கு டி.எம். 2, காரில் வருபவர்களின் பட்டியலுக்கு டி.எம். 3 என்று இரண்டு படிவங்கள். எல்லைக்குச் சற்று முன்னால் சாங்லூனில் காப்புறுதி விற்கும் கடைகளிலேயே இவற்றைத் தட்டச்சு செய்து தருவார்கள்.

கடைசியாகச் சுங்கத்துறை. காரைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவருவதற்கான தாள் ஒன்றை அச்சிட்டுத் தருவார்கள், வழக்கமாக 30 நாள். இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து திரும்பும்போது அதே சுங்கத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். கொடுக்காமல் வந்துவிட்டால் அவர்கள் கணக்கில் உங்கள் கார் இன்னும் தாய்லாந்தில் இருக்கும், அபராதம் நாள் கணக்கில் ஏறும். திரும்பும்போது சுங்கத்துறைச் சாவடியில் யாரும் உங்களை நிறுத்தவில்லை என்றாலும் நீங்களே நிறுத்திக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். எல்லை இரவில் மூடும் நேரத்தையும் ஹோட்டல் செக் இன் நேரத்தையும் கணக்கிடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

காருக்கு முழு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கேன். அது தாய்லாந்துக்கும் செல்லும்தானே?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே மிக முக்கியமானது இதுதான். சிங்கப்பூர் வாகனக் காப்புறுதிகளில் பெரும்பாலானவை மேற்கு மலேசியா முழுவதும் செல்லும், தாய்லாந்தில் எல்லையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வரை மட்டும். ஹாட்யாய் அதற்குள் வரும். கிராபியும் புக்கெட்டும் வராது. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் புவியியல் எல்லை என்ற பகுதியைப் படியுங்கள். அதற்கு மேல் போவதாக இருந்தால் நிறுவனத்திடம் முன்பே கேட்டு நீட்டிப்பு வாங்குங்கள்.

அது எப்படி இருந்தாலும் தாய்லாந்தின் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதி தனியாக வேண்டும். மேலே சொன்ன சாங்லூன் கடைகளில் கிடைக்கும். ஆனால் அது மனிதர்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே. இன்னொருவர் காரை இடித்துவிட்டால் அதற்குப் பணம் தராது. கூடுதல் காப்புறுதியும் அங்கேயே விற்பார்கள், சேர்த்து எடுத்துவிடுங்கள்.

கார் என் பேர்ல இல்ல, வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. நான் ஓட்டிட்டுப் போலாமா? வாடகைக் கார்ல போலாமா?

உரிமையாளர் உடன் வராவிட்டால் அவர் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதம், அவருடைய கடப்பிதழ் நகல், காரின் பதிவு விவரம் மூன்றும் வேண்டும். நிறுவனத்தின் பெயரில் இருக்கும் காருக்கு நிறுவனத்தின் கடிதம். கடனில் இருக்கும் கார் என்றால் கடன் கொடுத்தவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் வாடகைக் கார்களைக் கூடுதல் கட்டணத்தோடு மலேசியாவுக்கு விடுவார்கள், தாய்லாந்துக்கு அநேகமாக விட மாட்டார்கள். அவர்களுக்குத் தெரியாமல் எல்லையைத் தாண்டினால் காப்புறுதி மொத்தமும் போய்விடும். பாடாங் பெசார் வரை ரயிலில் போய், எல்லையைக் கடந்து, ஹாட்யாயில் வேறு கார் வாடகைக்கு எடுப்பது நல்ல மாற்று வழி.

தென் தாய்லாந்துல குண்டுவெடிப்பு எல்லாம் நடக்குதே, குடும்பத்தோட போலாமா?

பட்டானி, யாலா, நராதிவாட் மாநிலங்களிலும் சொங்க்லாவின் சானா, தேப்பா, நா தவீ, சபா யோய் மாவட்டங்களிலும் பல்லாண்டுகளாக வன்முறை இருக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள். பெத்தோங் அழகான மலை ஊர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது யாலாவில் இருக்கிறது. பல பயணக் காப்புறுதிகளும் இந்தப் பகுதிகளுக்குச் செல்லாது.

சடாவிலிருந்து ஹாட்யாய், பத்தலுங், திராங், கிராபி என்று போகிற 4ஆம் எண் பெட்காசெம் சாலை இவற்றுக்கு மேற்கே விலகியே போகிறது. ஜி.பி.எஸ். குறுக்குவழி காட்டிக் கிழக்கே திருப்பினால் கேட்காதீர்கள். ஹாட்யாயிலும் கடந்த காலத்தில் குண்டுவெடிப்புகள் நடந்ததுண்டு. கிளம்பும் முன் வெளியுறவு அமைச்சின் அறிவுரையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

தாய்லாந்தில ஓட்டறது கஷ்டமா?

சாலைகள் நன்றாக இருக்கின்றன, தெற்கே டோலும் இல்லை. பழக வேண்டியவை சில. எதிரே வருபவர் விளக்கை மின்னினால் ‘நீங்கள் போங்கள்’ என்று பொருள் இல்லை, ‘நான் வருகிறேன், நில்லுங்கள்’ என்று பொருள். நெடுஞ்சாலை நடுவே யூ திருப்பத்துக்கு இடைவெளி விட்டிருப்பார்கள், வேகமாகப் போகிற வலத் தடத்திலேயே வண்டிகள் நின்று திரும்பும். ஓரமாக மோட்டார் சைக்கிள்கள் எதிர்த்திசையில் வரும். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டாதீர்கள்.

பெட்ரோல் நிலையத்தில் காசஹால் 95 என்று கேளுங்கள். இ20, இ85 என்பவற்றில் எத்தனால் கூடுதல். உங்கள் காருக்கு ஒத்துக்கொள்ளும் என்று கையேட்டில் இருந்தால் மட்டும் நிரப்புங்கள்.

ஹாட்யாய் ஷாப்பிங் முடிஞ்சுது. அப்புறம் எங்க?

நான் அனுப்பி வைப்பது பத்தலுங்கின் தலே நோய்க்கு. சொங்க்லா ஏரியின் வடகோடியில் இருக்கும் நீர்ப்புலம் அது. சதுப்பு நிலத்துக்கு மேலே ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாமல் ஒரு பாலம் தாழ்வாகப் போகிறது. இரண்டு பக்கமும் எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் மேய்ந்துகொண்டிருக்கும், நாரைகள் நிற்கும். விடியற்காலையில் படகில் போனால் அல்லி பூத்திருப்பதைப் பார்க்கலாம். ஹாட்யாயிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் 80 கிலோமீட்டர் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள், காப்புறுதிக் கேள்விக்கான பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

கடல் வேண்டுமென்றால் பக்கத்திலேயே சொங்க்லாவின் சமிலா கடற்கரை. நாள் இருந்தால் திராங் வழியாகக் கிராபி, பங்ஙா. ஈப்போவில் பார்த்த அதே வகைச் சுண்ணாம்புக்கல் மலைகள் அங்கே கடலுக்குள் நிற்கும்.

எந்த மாசம் போறது நல்லது?

தென் தாய்லாந்தின் மேற்கு, கிழக்கு இரண்டு கரைகளுக்கும் மழைக்காலம் வேறு. கிராபி, புக்கெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழை. ஹாட்யாய், சொங்க்லா பக்கம் நவம்பர், டிசம்பரில் கொட்டும். 2025 நவம்பரில் ஹாட்யாயே வெள்ளத்தில் மூழ்கியது. பிள்ளைகளின் ஆண்டிறுதி விடுமுறை சரியாக அந்த நேரத்தில்தான் வருகிறது. அப்போது ஈப்போ, தைப்பிங், கெடாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச் இரண்டு கரைக்கும் ஏற்ற மாதங்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான், அந்த வாரம் எல்லையில் வரிசை மிக நீளம்.

நாங்க சைவம். தாய்லாந்துல என்ன சாப்பிடறது?

மலேசியா முழுக்கப் பிரச்சினை இல்லை. தாய்லாந்தில் காய்கறி உணவு என்று கேட்டு வாங்கினாலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். ‘ஜே’ என்று சொல்லிக் கேளுங்கள், மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடைகளைப் பாருங்கள். அங்கே இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் சேர்க்க மாட்டார்கள்.

திரும்பி வரும்போது எதையாவது கவனிக்கணுமா?

முதலில் அந்தச் சுங்கத்தாள், மேலே சொல்லிவிட்டேன். அடுத்து, மலேசிய வருகை அட்டை நிரப்ப வேண்டியவர்கள் தாய்லாந்திலிருந்து மலேசியாவுக்குள் மறுபடி நுழைவதற்குப் புதிதாக ஒன்று நிரப்ப வேண்டும். போகும்போது நிரப்பியது செல்லாது.

தாய்லாந்தில் கஞ்சா கடைகள் வெளிப்படையாக இருக்கின்றன. பிஸ்கட், பானம் ஆகியவற்றில்கூட அந்த இலைப் படம் இருக்கும். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம்தான். கொண்டுவருவதன் தண்டனையைச் சொல்லவே வேண்டாம். பிள்ளைகள் வாங்கும் தின்பண்டப் பொட்டலத்தையும் பாருங்கள். மின்சிகரெட் சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் தடை.

சிங்கப்பூருக்குள் மலேசியா வழியாக வருவதால் மதுவுக்கு வரிச்சலுகை கிடையாது. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் கிடையாது. ஒரு பெட்டி இருந்தாலும் சுங்கத்துறையின் சிவப்பு வழியில் போய் அறிவித்துவிடுங்கள்.